ஏழாம் பக்கத்து ஒன்பது பேர்

துபாய் மீனா பஜாருக்குப் பின்சந்தில் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கும் கலீல் ரஹ்மானின் கடைக்குள் ஷாஜினி வந்தபோது, டியூட்டி உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் பெபின் அவளுக்கு சர்ச்சில் பழக்கம். எப்பேர்ப்பட்ட முடிச்சையும் தன் முதலாளி அவிழ்த்துவிடுவார் என்று சொல்லி அவளை வரவழைத்தவன் அவன்தான்.

"உக்காரும்மா. மொதல்ல தண்ணி குடி," என்றார் கலீல்.

அவள் தம்ளரைத் தொடவில்லை. "வியாழக்கிழம போலீஸ்ல குடுப்பேன்னு மொதலாளிக்க மகன் சொல்லுதாரு பாய். எனக்க பாஸ்போர்ட்டும் அவருட்டத்தான் இருக்கு. நான் ஒண்ணும் எடுக்கல்ல."

விஷயம் இதுதான். சத்வாவுக்கு அந்தப்பக்கம் ஒரு வில்லாவில், ஹார்ட்மன் என்ற எழுபத்தெட்டு வயது அமெரிக்கருக்கு அவள் வீட்டு நர்ஸ். பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் ஒரு ஆல்பம். சிறுவயதில் சூயிங்கம் பொட்டலத்தோடு கிடைத்த பேஸ்பால் அட்டைகள், எல்லாம் அவர் பிறந்த ஊர் அணி ஆட்டக்காரர்களின் படங்கள். பக்கத்துக்கு ஒன்பது உறை, உறைக்கு ஒரு அட்டை. தினம் பிற்பகலில் ஷாஜினி பக்கம் புரட்டுவாள், அவர் பார்ப்பார். இப்போது ஏழாம் பக்கத்து ஒன்பது அட்டைகளும் போலி என்கிறார் மகன் பிராட்லி. ஈஸ்டர் அன்று அவர் பார்த்தபோது எல்லாம் அசலாகவே இருந்தனவாம்; அதன் பிறகு மாற்றி எடுத்தது ஷாஜினிதான் என்கிறார்.

"ஏழாம் பக்கத்துல அப்பிடி என்ன விசேஷம்?" என்று கேட்டார் கலீல். 

"ஒரே வருஷம் சேந்து ஆடுன ஒம்பது பேரு, அதுக்குத்தான் வெல கூட. ஆனா அந்தப் பக்கம் வந்தா நான் ஒடனே மூடிருவேன் பாய். கண்டாலே அழுவாரு. பிப்ரவரில நான் சேந்தப்பவே, அதக் காட்டாதேன்னு எனக்கு முன்னால இருந்த பத்மா சொல்லித்தான் போனாங்க."

"தோட்டக்காரனா இருக்குமோ?" என்றான் பெபின் ஆவலாக.

"தோட்டக்காரன் அளவு பிசகாம ஒம்பது நகல் அடிச்சு, ஒரே பக்கத்துல சொருகிட்டா போவான்?" கலீல் எழுந்து, கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ தினமும் டியூட்டி ரெஜிஸ்டர் எழுதுவியாம்மா?"

"கட்டிலுக்குப் பக்கத்து டிராயர்ல இருக்கு."

பழம்பொருள் தெரிந்த ஒருவர் அட்டைகளைப் பார்க்க வருகிறார் என்றதும் பிராட்லி மறுக்கவில்லை. இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் ஒரு சான்று கிடைத்தால் நல்லது என்று அவரே மூவரையும் உள்ளே அழைத்துப் போனார். கட்டிலில் ஹார்ட்மன் விழித்திருந்தார்.

கலீல் திரையை இழுத்துவிட்டு விளக்கை ஏற்றினார். ஆறாம் பக்கம் இருண்டு கிடந்தது. ஏழாம் பக்கத்தில் ஒன்பது முகங்களும் நிலா மாதிரி பளீரென்று நீலமாய் ஒளிர்ந்தன.

"அந்தக் காலத்துத் தாள்ல இப்பிடி ஒளிர்ற வெளுப்பு மருந்து சேர்க்க மாட்டாங்க. இது புதுத் தாள். நீங்க சொன்னது சரிதான், போலி."

"அப்படியானால் எழுதிக் கொடுங்கள்," என்றார் பிராட்லி.

"எழுதுறேன். எப்ப மாறுச்சுன்னும் எழுதணுமே." கலீல் ரெஜிஸ்டரை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். "பத்மாவோட கையெழுத்து. நவம்பர் எட்டு: ஏழாம் பக்கத்தை இருபது நிமிடம் பார்த்தார், சிரித்தார். நவம்பர் ஒன்பது: புது உறை போட ஆல்பத்தை பிராட்லி சார் எடுத்துப்போனார். நவம்பர் பன்னிரண்டு: ஆல்பம் திரும்பி வந்தது. ஏழாம் பக்கத்தைக் கையால் தள்ளினார், அழுகை, பிரஷர் நூற்றெண்பது. இனிக் காட்ட வேண்டாம்." அவர் தாளின் அடியைத் தொட்டுக் காட்டினார். "மாசக் கடைசில நர்ஸ் ஏஜென்சி போட்ட முத்திரை, பின்னால எழுதினதுன்னு சொல்ல முடியாது. இந்தப் பொண்ணு அப்ப துபாய்க்கே வரல. ஈஸ்டருக்கு நீங்க எந்த அசலைப் பார்த்தீங்க?"

பிராட்லி ஆல்பத்தை இழுத்து மூடினார். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. ஹார்ட்மனின் இடது கை மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஷாஜினி குனிந்தாள். அழுகிறார் என்று எண்ணி அவள் பக்கத்தை மூடிய நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. "இது போலின்னுதானா நீங்க சொல்லிட்டிருந்தீங்க?" தமிழில்தான் கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். தட்டுவது நின்றது.

"சரி, போலீஸுக்குப் போகவில்லை," என்றார் பிராட்லி. அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். "கலாஸ். இன்றோடு வேலை முடிந்தது. இப்போதே கிளம்பட்டும்."

பெபின் முன்னால் வந்தான். "அமெரிக்காவுல உங்க தங்கச்சி இருக்காங்கன்னு ஷாஜினி சொல்லிருக்கா. அவங்ககிட்ட சொல்லுவோம்."

"சொல்லுங்கள். அட்டைகளை வாங்க ஆள் பிடித்துக் கொடுத்ததே அவள்தான்." குரலை உயர்த்தாமல் கலீலின் கையிலிருந்த ரெஜிஸ்டரையும் வாங்கிக்கொண்டார். "இது என் வீட்டில் இருக்க வேண்டியது."

ஷாஜினி பையை எடுக்கத் திரும்பியபோது ஹார்ட்மன் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துவிட்டார். அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஒவ்வொன்றாக விடுவித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மூவரும் காரில் திரும்பினார்கள். பெபினுக்குத்தான் பொறுக்கவில்லை. "நாம கண்டுபிடிச்சோமே பாய். அப்புறம் ஏன் இப்பிடி?"

"கண்டுபிடிக்க மட்டுந்தான்டா எனக்குத் தெரியும்," என்றார் கலீல். "உன் பேருல பழி இல்லம்மா. அதுக்கு மேல என் கை எட்டல."

ஷாஜினி மடியிலிருந்த பாஸ்போர்ட்டைத் திறக்கவே இல்லை. சிக்னலில் கார் நின்றபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நான்கு.

"இப்ப அவர எடது பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கணும்," என்றாள். "ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா திருப்பல்லேன்னா முதுகு புண்ணாயிரும். அது அவருக்க மகனுக்குத் தெரியாது."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் கலீல் காரை எடுத்தார்.