பச்சை ஃபேனுக்கு ஒரு வணக்கம்

சௌந்தரராஜனின் பட்டறையில் யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும் சரி, முதல் நாளே பச்சை ஃபேனுக்கு வணக்கம் சொல்லியாக வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

வணக்கம் என்றால் கைகூப்புவது இல்லை. மேசை மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனின் இரும்பு உடம்பை ஒற்றை விரலால் தொட வேண்டும். சுருக்கென்று ஒரு கிள்ளு கிள்ளும். புது ஆள் "ஐயோ!" என்று துள்ளிக் குதிப்பார். எல்லாரும் கைதட்டிச் சிரிப்பார்கள்.

"அவ்ளோதான், இனிமே நீ நம்ம ஆளு" என்பார் லேத் ஓட்டும் மாதேஸ்வரன்.

ஓசூரில், ராயக்கோட்டை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்தப் பட்டறை. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்பு வளையங்களை அங்கே கடைந்து கொடுத்தார்கள். சௌந்தரராஜனின் மகள் மோகனப்ரியா ஐந்தாம் வகுப்பு படித்தாள். பள்ளி இல்லாத நாளெல்லாம் அவள் பட்டறையில்தான் இருப்பாள்.

அந்த ஃபேன் மோகனாவை விட வயதில் மூத்தது. அது வந்த கதையை அவள் நூறு முறையாவது கேட்டிருப்பாள். ஆனாலும் மறுபடி மறுபடி கேட்பாள்.

"எங்க சாத்தூர்ல ஃபேன் இல்லாம தூக்கமே வராது தாயி" என்று ஆரம்பிப்பார் அப்பா. "வேலைக்குன்னு ஓசூர் வந்தா, இங்க குளிர்ல பல்லு கிடுகிடுன்னு ஆடுது. ஆனா அந்தச் சத்தம் இல்லாம கண்ணை மூட முடியலை. முதல் மாசச் சம்பளம் வந்துச்சா, நேரா போயி இதை வாங்கிட்டேன். ரூம்ல இருந்த அஞ்சு பேரும் போர்வையைப் போத்திக்கிட்டு என்னைத் திட்டுனாங்க!"

மோகனா பிறந்த பிறகு அந்தக் கடகட சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு. கொஞ்சம் வளர்ந்ததும் அதன் முன்னால் நின்று "ஆஆஆ" என்று கத்துவாள். குரல் துண்டு துண்டாகத் திரும்பி வரும். அப்பாவும் பக்கத்தில் வந்து நின்று "ஓஓஓ" என்பார். அப்புறம் அப்பா சொந்தமாகப் பட்டறை வைத்தபோது, ஃபேனும் கூடவே வந்துவிட்டது.

நாளைக்கு ஆயுத பூஜை. இன்று பட்டறையைக் கழுவிச் சுத்தம் செய்யும் நாள். மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது வருடா வருடம் மோகனாவின் வேலை.

ஆனால் இந்த வருடம் அவள் ஒரு நாள் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டாள். கையில் குங்குமம் இல்லை. அம்மாவிடம் கேட்டு வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு அட்டைதான் இருந்தது.

போன வாரம் மின்வாரியத்திலிருந்து ஒரு அம்மா அவள் பள்ளிக்கு வந்து பேசினார். "உங்க வீட்டுல, கடையில எங்கெல்லாம் கரண்ட் ஆபத்து இருக்குன்னு பாருங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கண்ணால மட்டும் பாக்கணும். எதையும் தொடக் கூடாது. பெரியவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

மோகனா அப்படியே செய்தாள். ஆபத்து இருக்கிற இடத்தைப் பார்த்தால், பக்கத்துச் சுவரில் ஒரு பொட்டு. சின்ன ஆபத்துக்குச் சின்னப் பொட்டு. பெரிய ஆபத்துக்குப் பெரிய பொட்டு.

இரண்டாவது லேத்துக்குப் பின்னால் கிரைண்டரின் ஒயருக்குப் பிளக்கே இல்லை. வெறும் கம்பிகளை ஓட்டையில் செருகி, விழாமல் இருக்கத் தீக்குச்சியால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு பொட்டு. நடைபாதையில் கிடந்த ஒயர் மேல் தள்ளுவண்டி ஏறி ஏறித் தோல் உரிந்திருந்தது. அங்கே ஒன்று. தண்ணீர் டிரம்முக்கு மேலே மூடி உடைந்த சுவிட்ச். அதற்கும் ஒன்று.

சிறிது நேரத்தில் மாதேஸ்வரன் குங்குமக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்தார்.

"அட, பாப்பா இப்பவே பூஜையை ஆரம்பிச்சிடுச்சே!" என்று ஒவ்வொரு ஸ்டிக்கருக்குக் கீழேயும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். டிரம்முக்கு மேலே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடு வேறு!

"மாமா! அது சாமி பொட்டு இல்ல. ஆபத்துப் பொட்டு!"

"ஆபத்தா? நான் நல்லா வேண்டிக்கிட்டேனே!"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் தீக்குச்சியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது நான் செருகுனதுதான். ஒரு நாளைக்குன்னு செருகுனேன். ஒரு வருஷமாச்சு" என்று தலையைச் சொறிந்தார்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையில் இறங்கினார். கிரைண்டருக்குப் புதுப் பிளக் வந்தது. உரிந்த ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஒயரைச் சுவரோரமாக உயரத்தில் கட்டினார். டிரம்மை மாதேஸ்வரன் உருட்டிக்கொண்டு போய் வெளியே வைத்தார். உடைந்த சுவிட்சும் மாறியது.

"எல்லாம் முடிஞ்சுதா தாயி?" என்று கேட்டார் அப்பா.

மோகனா "ம்" என்றாள். வலது கையை இறுக மூடிக்கொண்டாள்.

அந்தக் கைக்குள் ஒரு பொட்டு மீதி இருந்தது. அட்டையிலேயே பெரிய பொட்டு அது. யாருக்கென்று அவளுக்குத் தெரியும். "சும்மாத்தானே கிள்ளுதுன்னு எந்தப் பொருளையும் விட்டுராதீங்க. கால் ஈரமா இருந்தா அதுவே ஆளைக் கொன்னுடும்" என்று அந்த அம்மா சொன்னபோதே அவளுக்குப் பச்சை ஃபேன் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் ஃபேனுக்குப் பொட்டு வைத்தால் அப்பா அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவாரே! எப்படி வைப்பாள்? மனசு கேட்கவில்லை.

அப்பா மெயினைப் போட்டார். பச்சை ஃபேன் மறுபடி கடகடவென்று ஓடத் தொடங்கியது. கழுவுகிற வேலை ஆரம்பித்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த போச்சம்பள்ளி பிரவீனா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு ஈரத்தில் நின்றாள்.

"பிரவீனா, நேத்து வேலையில மறந்தே போச்சு. நீ இன்னும் ஃபேனுக்கு வணக்கம் சொல்லலையே!" என்றார் மாதேஸ்வரன்.

"அது என்னண்ணா வணக்கம்?"

"ஒத்த விரலால தொடு, அப்புறம் தெரியும்!"

பிரவீனா சிரித்துக்கொண்டே ஈர விரலை நீட்டினாள்.

"அக்கா, தொடாதீங்க!"

மோகனா போட்ட கூச்சலில் பிரவீனா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். துடைப்பம் கீழே விழுந்தது.

"யாரும் கிட்டப் போகாதீங்க! அப்பா, மெயினை ஆஃப் பண்ணுங்க!"

அப்பா ஓடிப்போய் அணைத்தார். ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

மோகனா நடந்து போய், ஃபேன் இருந்த மேசையின் காலில் அந்தப் பெரிய பொட்டை ஒட்டினாள். அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டு வந்தது.

"முதல்ல இதுக்குத்தாம்ப்பா வைக்கணும்னு நினைச்சேன். வெச்சா நீங்க இரும்புக் கடையில போட்டுருவீங்கன்னு ஒளிச்சு வெச்சுட்டேன். அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நீ ஒளிச்சது ஒரு மணி நேரம் தாயி. நான் இத்தனை வருஷமாச் சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார்.

மாதேஸ்வரன் பிரவீனாவின் செருப்பை எடுத்துவந்து அவள் காலருகே வைத்தார்.

மாலையில் எலெக்ட்ரீஷியன் ரத்தினவேல் வந்தார். தரை காய்ந்த பிறகு, மெயினைப் போட்டுவிட்டு டெஸ்டரை ஃபேனின் உடம்பில் வைத்தார். உள்ளே இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"உள்ளே காயில் மேல இருக்குற பூச்சு பூரா வெந்து போயிருக்குங்க. கசியுற கரண்டை மண்ணுக்குள்ள இறக்குற எர்த் கம்பியும் ஒயர்ல இல்ல. இத்தனை நாளா உங்களை உங்க செருப்புதான் காப்பாத்தியிருக்கு" என்றார்.

"சரி பண்ண முடியாதா அங்கிள்?"

"புதுக் காயில் கட்டினாலும் இத்தனை பழசை நம்பி ஓட்ட முடியாது பாப்பா."

அன்றே மெயினுக்குப் பக்கத்தில் அவர் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். எங்கேயாவது கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் அது சட்டென்று தானாகவே அணைத்துவிடுமாம்.

அப்பா ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். மோகனா அவர் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, ஒயரை வெட்டிட்டா அது யாரையும் கிள்ளாதுல்ல? அப்போ நம்மளே வெச்சுக்கலாம்ல?"

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "ஆமால்ல! நம்ம வீட்டு ஆளு. இரும்புக் கடைக்கு எதுக்குப் போகணும்?" என்றார். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒயரை அடியோடு வெட்டினார். பிறகு உட்கார்ந்து ஃபேனைத் துடைத்தார். துரு தட்டி, எண்ணெய் விட்டு, இறக்கையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பூப்போலச் சுற்றியது.

மறுநாள் பூஜையில் முதல் மாலை ஃபேனுக்குத்தான். பூஜை முடிந்ததும் அதைத் தூக்கிப் பின்பக்க ஜன்னல் திண்டில் வைத்தார்கள். பிரவீனா வந்து, செருப்புக் காலோடு, ஒற்றை விரலால் அதைத் தொட்டாள்.

"கிள்ளவே இல்லையே!"

"கிள்ளலைன்னா என்ன? நீ நம்ம ஆளுதான்" என்றார் மாதேஸ்வரன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போது ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வீசியது. பச்சை ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. அப்புறம் நிற்காமல் சுற்றத் தொடங்கியது.

மோகனா ஓடிப்போய் அதன் முன்னால் நின்று, "ஆஆஆ" என்று கத்தினாள். குரல் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது.

கையில் அள்ளிய பொரியை அப்படியே வைத்துவிட்டு, அப்பாவும் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓஓஓ!"