நான்காவது கோர்

கொல்லையில் யாரும் இல்லை. இருந்தும் முதல் கோரின் பட்டை ஏறி நின்றது.

தேநீர்க் குவளையை வாய்வரை கொண்டுபோன ஹஃபீஸா அப்படியே நிறுத்தினாள். லேப்டாப் திரையில் நான்கு பச்சைப் பட்டைகள், கோருக்கு ஒன்றாக. மூன்று தரையோடு தரையாகக் கிடந்தன. முதலாவது மட்டும் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒருவர் பேசி, மூச்சு வாங்கி, திரும்பப் பேசினால் எப்படியோ அப்படி.

சென்னையில் ஒரு சிறு நிறுவனத்துக்காகப் பழவேற்காட்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். படகுகளில் பொருத்த அவர்கள் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் விழுந்தவன் கத்தினால், என்ஜின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் குரலைப் பிரித்தறிந்து கரைக்குத் தகவல் அனுப்பும் பெட்டி. அதன் ப்ராசஸரில் நான்கு கோர்கள், தனித்தனியே கணக்குப் போடும் நான்கு மூளைகள் மாதிரி; ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக். மனிதக் குரல் காதில் விழுந்தால் மட்டும் கோர் விழித்துக் கணக்குப் போடும், மற்ற நேரம் தூங்கும். எந்த வேலை எந்தக் கோரில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளப்பதுதான் அவள் பொறுப்பு. வீணாக விழித்திருக்கும் கோர், கடலில் பேட்டரியைக் காலி செய்துவிடும். ஒலியைப் பெட்டி சேமித்து வைக்காது. கேட்டதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும்.

சோதனைக்காக ஒரு பெட்டியை லேப்டாப்போடு இணைத்து, நீள ஒயர் இழுத்து, முதல் மைக்கைக் கொல்லையிலும், இரண்டாவதைச் சமையலறையிலும், மூன்றாவதை நடையிலும் மாட்டியிருந்தாள். நான்காவது அவள் மேசைமேல்.

கொல்லைக் கதவைத் திறந்தாள். ஏரியிலிருந்து உப்பும் சேறும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. மதிலுக்கு அப்பால் தண்ணீர் ஈய நிறத்தில் கிடக்க, கிழக்கே முகத்துவாரத்தின் பக்கம் மேகம் தாழ இறங்கி, கடல் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி மூடியிருந்தது. கொடியில் கணவன் அஃப்னானின் சட்டை ஒன்று காற்றில் படபடத்தது. அது குரல் அல்ல. கையைத் தட்டினாள். திறந்திருந்த கதவுகளின் வழியே திரை தெரிந்தது. தட்டலுக்குப் பட்டை அசையவில்லை. "யாரது?" என்றாள். உடனே துள்ளியது. மைக் சரியாகத்தான் இருந்தது.

வாயை மூடிய பிறகும் பட்டை இறங்கவில்லை.

சட்டையை உருவிக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். ஏதோ கோளாறு, கண்டுபிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் கோரில் வேறு வேலை எதுவும் ஓடுகிறதா என்று பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை, நேரம் முழுவதையும் குரல் கேட்கும் வேலையே எடுத்திருந்தது. கொல்லை மைக்கின் வேலையை மூன்றாவது கோருக்கு மாற்றினாள். முதல் பட்டை படுத்தது, மூன்றாவது எழுந்தது. ஆக, கோரில் பழுதில்லை. அந்த மைக்குக்குத்தான் எதுவோ கேட்கிறது. பழையபடி மாற்றி வைத்துவிட்டு அஃப்னானுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

அஃப்னான் இதே போன்ற இன்னொரு பெட்டியை மீனவன் தருமனின் படகில் பொருத்தி, அவனோடு முகத்துவாரம்வரை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தான். மேகத்தைக் காட்டி அவள் தடுத்ததற்கு, மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால் திரும்பிவிடுவேன் என்று சிரித்தான்.

மழை பிடித்துக்கொண்டபோது வாசலில் லோகாம்பாள் வந்து நின்றாள். தருமனின் மனைவி. முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், உள்ளே வர மறுத்துவிட்டாள்.

"பாயி போன் பண்ணாராம்மா?"

"இல்லக்கா. சிக்னல் இல்லபோல."

"முகத்துவாரத்துல அலை தூக்குதுனு சொல்றாங்க. போன படகெல்லாம் வந்துடுச்சு. இவங்கதான் காணோம்."

அவள் பேசப்பேச நான்காவது பட்டை ஏறி இறங்கியது. வாசல்வரை அந்த மைக்குக்குக் கேட்கும். வந்தால் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு லோகாம்பாள் படகுத்துறைக்கு ஓடினாள். நான்காவது படுத்தது.

முதலாவதும் படுத்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

இரண்டாவது எழுந்தது.

சமையலறை. தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு இந்தப் பக்கம். கரண்ட் போனது, மின்விசிறி முனகி நின்றதும் வீடு முழுக்க மழையின் சத்தமும், ஆறிப்போன மீன் குழம்பின் வாடையும், பேட்டரியில் ஒளிர்ந்த திரையும் மட்டும் மிஞ்சின. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஓட்டில் மழை. தவலையில் சொட்டும் நீர். குரல் ஏதுமில்லை. பட்டையோ நிற்காமல் துடித்தது. முன்பு இருந்த இடைவெளிகள் இப்போது இல்லை. மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல் யாரோ பேசுகிறார்கள். அல்லது கத்துகிறார்கள்.

எழுந்துபோய்ப் பார்க்கத்தான் நினைத்தாள். நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி திரையையே பார்த்திருந்தாள்.

இரண்டாவது படுத்தது.

மூன்றாவது எழுந்தது.

நடை. அவள் முதுகுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அப்பால். திரும்பவில்லை. சீலை அசைகிறதா என்று பார்க்கவும் தைரியமில்லை. பட்டை உச்சியைத் தொட்டு அங்கேயே நின்றது.

வாசல் கதவு திறந்தது.

அஃப்னான். தலையிலிருந்து நீர் வழிய, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எங்க போய்ட்டீங்க?"

நான்காவது பட்டை துள்ளி, அடங்கியது.

"மழைல மாட்டிக்கினோம் ஹஃபீஸா. படகுத்துறைலயே ஒதுங்கிட்டோம். தருமன் வீட்டுக்குப் போய்ட்டான்."

அவனுடைய குரல்தான். லேசாகக் கரகரத்த, ஐந்தாண்டுகளாக அவள் கேட்டுப் பழகிய குரல். கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

நான்காவது பட்டை தரையில் கிடந்தது.

படகுத்துறையில் லோகாம்பாள் இருந்தாளே. அவனைப் பார்த்திருக்க மாட்டாளா?

"லோகாம்பாக்கா அங்கதான வந்தாங்க" என்றாள். பட்டை அவள் குரலுக்கு எழுந்து விழுந்தது.

"பாக்கலியே. மழைல கண்ணு தெரியல. நீ ஏன் இருட்டுல உக்காந்துக்கினு இருக்க?"

தரை. ஒரு மயிரிழைகூட எழவில்லை.

அவன் பக்கத்தில் வந்தான். சேற்று வாடை. பேசிக்கொண்டே வந்தான், பசி என்றான், துவட்டத் துண்டு கேட்டான், ஒரு வார்த்தையும் பெட்டியின் காதில் விழவில்லை. முதுகுக்குப் பின்னால் மூன்றாவது மட்டும் உச்சியில் துடித்துக்கொண்டிருந்தது. யாரோ அவளிடம்தான், அவளிடம் மட்டும்தான், உயிரைக் கொடுத்துக் கத்துகிறார்கள். அந்த இடைவிடாத துடிப்பில், வேகமாகப் பேசும்போது அஃப்னானுக்கு வரும் அவசரம் இருந்தது.

அஃப்னான் பேச்சை நிறுத்தினான். அவனும் திரையைப் பார்த்தான்.

மூன்றாவது படுத்தது.

ஹஃபீஸா உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அவன் வாயும் மூடியிருந்தது.

நான்காவது பட்டை எழுந்தது. உச்சிவரை. மேசைமேல், அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"போதும், விடு" என்றான் அவன். ஈரக் கையை நீட்டி, மெதுவாக, லேப்டாப்பின் மூடியைச் சாத்தினான். கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, அந்த இருட்டில், அவளைப் பார்த்து நின்றான்.