கட்டை போட்டாச்சு

பிரிஞ்சாங் மேட்டிலிருக்கும் பஸ் மியூசியத்துக்கு அந்தப் பழைய எஸ்டேட் பஸ் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தது. இழுத்து வந்த லோரிக்காரன் அதைச் சரிவில் மேல்நோக்கி நிறுத்தி, சங்கிலியைக் கழற்றிக்கொண்டு, பனி இறங்குமுன் தப்பித்தால் போதும் என்று கிளம்பிவிட்டான்.

பழைய பஸ்களைப் புதுப்பிப்பது கங்காவின் வேலை. ஆனால் இது அவள் அப்பா சின்னக்கருப்பன் ஓட்டிய பஸ். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் மேலேயே ஏறி உயிரைக் குடித்த பஸ்.

மேட்டில் நிறுத்தினால், கிளீனர் பின் டயருக்குக் கட்டை வைத்துக் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. அப்பா குரலுக்குக் காத்திராமல் இறங்கிவிட்டார் என்று கிளீனர் முருகையா விசாரணையில் சொன்னார். அவசரக்குடுக்கை என்ற பெயர் அப்பாவுக்கு நிலைத்துவிட்டது. மியூசியத்தில் இந்த பஸ் பக்கத்தில் நாளை மாட்டப்போகும் பலகையிலும் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றுதான் எழுதியிருந்தார்கள். கங்காவும் அதை நம்பினாள். தகப்பனில்லாத வீட்டுக்கு மாதாமாதம் அரிசி சுமந்து வந்த முருகையா சித்தப்பாவை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவரும் வந்திருந்தார். பஸ்ஸின் பின்னால் நின்று, பெயின்ட் உரிந்த தகரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

கட்டையைக் கையில் எடுத்தபோதுதான் கங்காவுக்கு உறைத்தது. ஹேண்ட்பிரேக் இன்னும் பொருத்தவில்லை. சங்கிலியும் இல்லை. பிறகு பஸ் எப்படி நிற்கிறது?

டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

சீட்டில் யாருமில்லை.

பிரேக் பெடல் மட்டும் தரைவரை அமுங்கியிருந்தது.

உள்ளேயிருந்து பீடி வாடை வந்தது. கூடவே ஒரு குரல். ஐந்து வயதில் கேட்டது, மறக்குமா?

"முருகா… கட்டை போட்டியா?"

பின்னாலிருந்து பதில் வந்தது, பழக்கதோஷத்தில், கொஞ்சமும் யோசிக்காமல்.

"போட்டாச்சுண்ணே!"

கட்டை கங்காவின் கையில் இருந்தது.

"சித்தப்பா," என்றாள். "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

பஸ்ஸின் பின்னால் நின்றபடியே முருகையா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். விரல்களுக்கிடையே வார்த்தை நடுங்கி வந்தது.

"மழை லா, கங்கா… தேத்தண்ணிக் கடையில ஒதுங்கி நின்னுக்கிட்டே கத்திட்டேன். குடிச்சிட்டு வந்து போட்டுடலாம்னு… அப்புறம் சொல்ல பயமாப் போச்சு."

அவர் கொடுத்த அரிசியில் வளர்ந்த அவள் உடம்பே கூசியது.

"எங்கப்பா பேரைக் கெடுத்துட்டு, எங்க வீட்டுலயே உக்காந்து சாப்பிட்டீங்களே!"

டிரைவர் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

"அப்பா, இறங்காதீங்க! அவரு பொய் சொல்றாரு!"

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பா தன் கிளீனரைத்தான் நம்பினார்.

பெடல் மெல்ல மேலே எழுந்தது.