வாத்தியார் வீட்டு நிலைக்கால்

மேல்கோடு அவள் காதுக்கு நேராக இருந்தது.

டெய்லரக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். செருப்பினால் வந்த வித்தியாசமோ என்று கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்று பார்த்தாள். காதுக்கு நேராகத்தான் இருந்தது. கண்டுபிடித்த அன்று அது அவள் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அன்றைக்கு எல்லாருமாகச் சேர்ந்து அவள் மகளைத்தான் அந்த நிலைக்காலில் முதுகைச் சாய்த்து நிறுத்திப் பார்த்தார்கள். மேல்கோடு பிள்ளையின் உச்சந்தலையைத் தொட்டது. கைகூடத் தட்டினார்கள்.

அசதி, என்று சொல்லிக்கொண்டாள். ஒரு வருஷமாக எதற்கெடுத்தாலும் அவள் சொல்லிக்கொள்வது அதுதான். சட்டைக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டினாலும் அசதி, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அசதி. செத்துப்போன வாத்தியாரின் இந்த வீட்டுக்கும் அவளுக்கும் அப்படியொன்றும் சொந்தம் கிடையாது. அவள் தையல் கடை எதிர்ச்சாரியில் இருக்கிறது, அவ்வளவுதான். இடிக்கப் போகிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இடிக்கணும்?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் பதவியைத் தூக்கி அவள் தலையில் கட்டினார்கள். குழு என்றால் பெரிய கும்பல் என்று நினைக்க வேண்டாம். மருந்துக்கடை அண்ணன் தலைவர். அவள் நாத்தனார் பொருளாளர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து டீ குடித்துவிட்டு யோசனை சொல்லிவிட்டுப் போக இன்னும் கொஞ்சம் பேர்.

நாளைக் காலை நகராட்சி அதிகாரி வந்து சாவியை வாங்கிக்கொள்வார். வீடு இனிமேல் சிறுவர் படிப்பகம். நிலைக்கால் இருக்கிற இந்தப் பின்னறைதான் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடம். திறப்பு விழாவில் முதல் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கப்போவது அவள் மகள். எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். கோடு போட்ட நிலைக்குப் பக்கத்தில். சாவியைக் கொடுத்த கையோடு வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர டெய்லரக்காவுக்கு வேறு ஆசையே இல்லை.

கோடுகளின் மேல் கண்ணாடி போட்டிருந்தார்கள். கீழே முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து வரிசையாகப் பென்சில் கோடுகள். பேரும் இல்லை, தேதியும் இல்லை. ஒவ்வொரு கோட்டுக்குக் கீழேயும் தலை சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை. யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று மருந்துக்கடை அண்ணன்தான் நிலையின் உயரத்துக்கும் கண்ணாடி வெட்டி வந்து பித்தளைத் திருகாணி போட்டு இறுக்கினார். அந்தக் கண்ணாடிக்கு உள்ளே, அவள் காதுக்கு நேராக, பென்சில் கோடு பளிச்சென்று இருந்தது. அதற்கும் கீழே இருந்த கறை இன்னும் காயாமல் மினுங்கியது.

அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பின்னறைக் கண்ணாடியக் கழட்டினீங்களா?"

"நான் எதுக்கும்மா கழட்டப் போறேன்? ஏன், கீறல் விழுந்துருச்சா?"

"இல்லண்ணே. கோடு மேல ஏறியிருக்கு."

அந்தப் பக்கம் யாருக்கோ மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லிவிட்டு அவர் திரும்பி வந்தார். "என்னது ஏறியிருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. அந்த வாத்தியாருக்குப் பிள்ளைங்க உண்டா?"

"கல்யாணமே பண்ணிக்கலையேம்மா அவரு. தனிக்கட்டை. செத்துப்போனதே நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுதாம். யாராவது அக்கா பிள்ள, தங்கச்சி பிள்ள லீவுக்கு வந்திருக்கும். நீ போய்ப் படு தங்கச்சி. உன் குரலே சரியில்ல."

போனை வைத்த பிறகுதான் அவளுக்குப் பூச்சு ஞாபகம் வந்தது.

பழைய மரத்தில் பெயிண்டைச் சுரண்டுவதற்கு ஒரு முறை உண்டு. அவசரப்பட்டு ஒரேயடியாக வழிக்கக் கூடாது. ஒவ்வொரு பூச்சாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு பூச்சுக்கு நடுவில் அழுக்குப் படிந்திருந்தால் இடையில் வருஷங்கள் போயிருக்கின்றன என்று அர்த்தம். வீட்டில் மற்ற நிலைகளிலெல்லாம் இரண்டோ மூன்றோ பூச்சு, நடுவில் மெல்லிய அழுக்கு. இந்த நிலையில் மட்டும் பூச்சு மேல் பூச்சு, விரற்கடை கனத்துக்கு. நடுவில் பொட்டு அழுக்கு கிடையாது. ஒன்று காய்வதற்குள் அடுத்ததை அடித்திருக்கிறார்கள். அதுவும் நல்ல பெயிண்டாகத் தேடி அடிக்கவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடித்திருக்கிறார்கள். படகுக்கு அடிக்கிற நீலம், கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்பு, இரும்புக்கு அடிக்கிற காவி. "வாத்தியாருக்கு ரசனை ஜாஸ்தி" என்று நாத்தனார் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, பழுப்பில் மெல்லிய பூச்சு ஒன்று. அதில் பிரஷ் தடமே இல்லை. விரல் தடம்தான் இருந்தது. சுரண்டும்போது துரு வாடை அடித்தது. "அந்தக் காலத்து வார்னிஷ் ஏதோ" என்றார் மருந்துக்கடை அண்ணன். அதை எடுக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

வேறு யாராவது இந்த வீட்டை வாங்கியிருந்தால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் பாதுகாப்புக் குழு. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இவர்களால் இருக்க முடியாது.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பின்னறைக்கு மின்சாரம் இன்னும் இழுக்கவில்லை. கூடத்திலிருந்து நீட்டிய ஒயரில் ஒரு பல்பு தொங்கியது. பூசி முடித்த சுண்ணாம்பின் குளிர்ந்த வாசனையும், ஜன்னல் கட்டைகளுக்குத் தடவிய எண்ணெயின் காட்டமும், அவற்றுக்கு அடியில், நெடுநாள் தண்ணீர் படாத தலைமுடியின் புளித்த வாடையும் அறைக்குள் மெதுவாகப் பரவி நின்றன. ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அவள் கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் மரத்தில் ஏதோ இடித்தது.

டொக்.

சற்றுப் பொறுத்து இன்னொரு டொக்.

குதிகால், என்று அவளுக்குத் தோன்றியது. அளவு பார்க்கப் பிள்ளைகளை நிறுத்தினால் அப்படித்தான் வரும். ஒரு குதிகால், அடுத்த குதிகால். பிறகு முதுகு. பிறகு நிமிர்ந்த தலை. அவள் கொக்கியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். முதுகு மரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. கடைசியாகத் தலை இடித்தது. அது நிலையின் மேல்கட்டையிலிருந்து கேட்டது.

சர்ர் என்று பென்சில் ஓடியது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கண்ணாடியின் உட்பக்கம் மேலே, அவள் கை எட்டாத உயரத்தில், மூச்சு விட்ட இடமாய் வட்டமாகப் பனித்திருந்தது. அந்தப் பனிப்புக்குப் பின்னால் புதுக்கோடு.

பயந்தாள். நன்றாகவே பயந்தாள். துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுக் கூடத்தைக் கடந்து, வாசல் கதவைப் பூட்டி, கேட்டுவரை வந்துவிட்டாள். தெருவில் விளக்கு எரிந்தது. எதிரே அவள் கடை, அதன் மாடியில் அவள் வீடு. நாத்தனார் மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா அண்ணி? உங்க பொண்ணு சாப்பிட மாட்டேங்கறா. நாளைக்குப் படிக்கறத இன்னொரு தரம் படிச்சுக் காட்டணுமாம்."

"இதோ வர்றேன்."

சாவி கையில் கனத்தது. நாளைக்கு இதைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு நகராட்சிக்கு. அவள் தூங்கலாம். அதிகாரி பேசுவார், மாலை போடுவார்கள், பிள்ளைகள் பின்னறையில் பாய் விரித்து உட்காருவார்கள். யாராவது ஒருத்தர் ஆசையாக, "வா, நீ எவ்வளவு வளந்திருக்கேன்னு பார்ப்போம்" என்று அவள் மகளைக் கையைப் பிடித்துக் கூப்பிடுவார்கள். அவளும் முதுகைச் சாய்த்து நிற்பாள். முதலில் நிற்க வைத்தது நான்தானே, என்று டெய்லரக்கா நினைத்தாள்.

கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்டில் மிச்சம் ஒரு டப்பா படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. பிரஷ்ஷும் இருந்தது. அதிகாரி திட்டட்டும். குழுவை விட்டே தூக்கட்டும். அதைவிடச் சந்தோஷம் அவளுக்கு வேறில்லை. மறுபடி பூட்டைத் திறந்து உள்ளே போனாள்.

திருகாணிகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தபோது கை சுட்டது. கண்ணாடி காய்ச்சல்காரன் உடம்பாய்ச் சூடாக இருந்தது. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஏணியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கோடுகள் நிலையோடு நிற்கவில்லை. மேல்கட்டையைத் தாண்டி, போன வாரம் அவளே அடித்த வெள்ளைச் சுண்ணாம்பில் ஏறி, கூரைவரை போயிருந்தன. கூரையில் எண்ணெய்க் கறை.

அடிக்க ஆரம்பித்தாள். கீழிருந்து மேலே. கை கடுத்தது. கழுத்து இறுகியது. ஏணியில் ஏறினாள், இறங்கினாள், நகர்த்தினாள், மறுபடி ஏறினாள். பழக்கதோஷத்தில் ஓரங்களைப் பிசிறில்லாமல் வளைத்து அடித்தாள். ஒரு பூச்சு முடிந்ததும் ஏணியிலிருந்து இறங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

குதிகால். குதிகால். முதுகு.

தலை, அவள் தோள் உயரத்தில் இடித்தது.

அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானா, என்று தோன்றியது. தரையில் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடினாள். எத்தனை நேரம் மூடியிருந்தாளோ, அது ஒரு கொட்டாவி நேரம்தான் இருக்கும். கண்ணைத் திறந்தபோது பச்சை மங்கியிருந்தது. மரம் பெயிண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

குதிகால். குதிகால். முதுகு.

தலை, மேல்கட்டையில்.

எழுந்தாள். அடித்தாள். இறங்கியது. கையைத் தொங்கப்போட்டாள். ஏறியது. மறுபடி அடித்தாள். நடுவில் அழுக்கில்லாத பூச்சுகள். இப்போது புரிந்தது. வாத்தியாருக்கு ரசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த மனுஷர் தூங்கவே இல்லை. நீலம் தீர்ந்து கறுப்பு. கறுப்பு தீர்ந்து காவி. காவி தீர்ந்து...

பிரஷ் டப்பாவின் அடித்தகரத்தில் உரசியது.

சாய்த்துப் பார்த்தாள். வழித்துப் பார்த்தாள். விரலை விட்டுத் துழாவினாள். ஒரு சொட்டு.

டொக்.

டொக்.

முதுகு உரசியது. இந்தத் தடவை வெகுநேரம் உரசியது. தலை கூரையில் இடித்தது. சுண்ணாம்பு பொலபொலவென்று அவள் முகத்தில் கொட்டியது. அதற்குமேல் நிமிர இடமில்லாமல், அது கூரையோடு குனிந்து வளைகிற சத்தம் கேட்டது. கூடத்தை நோக்கி. வாசலை நோக்கி.

வாசல் கதவு கிறீச்சிட்டது.

"அம்மா? அத்தை உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. உள்ள ஒரே இருட்டா இருக்கு. வரவா?"

பழுப்புப் பூச்சு. பிரஷ் தடம் இல்லாத பூச்சு. அதற்குப் பிறகு வாத்தியார் எதுவும் அடிக்கவில்லை. அத்தனை வருஷமும் நின்றது அது ஒன்றுதான். இவர்கள் வந்து சுரண்டுகிறவரை.

இடுப்புப் பையில் கை விட்டாள். டேப்பு. சாக்கட்டி. கத்தரி.

"அங்கயே நில்லு கண்ணு" என்றாள் டெய்லரக்கா. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "உள்ள வராத. அம்மாவுக்கு இன்னும் ஒரே ஒரு பூச்சுதான் பாக்கி."

இடது கையை மரத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டு கத்தரியைத் திறந்தாள்.