லேட் சுருளியாண்டி

ஆறு மணிக்கெல்லாம் பூட்டிவிடும் விடுதி கேட் அன்றும், மூன்றாம் நாளாக, ஆறரை ஆகியும் திறந்தே கிடந்தது. மாடி ஜன்னலிலிருந்து இனியன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேனிக்கு மேற்கே மலை இருட்டிக்கொண்டு வந்தது. காற்று மெஸ்ஸின் ரச வாசனையையும் கழிப்பறைப் பினாயிலையும் ஒன்றாகக் கலக்கி, விடுதிக்கு வந்து பத்து நாளே ஆன அவன் மூக்கில் கொண்டுவந்து வைத்தது.

இறங்கிப்போய் வாட்ச்மேன் அம்மாவாசியிடம் ஏன் பூட்டவில்லை என்று கேட்டான்.

"உங்கய்யா வரணும்லப்பா," என்றார் அவர்.

"எங்கய்யாவா?"

"விடுதியில சேர்ற பாரத்துல நீதான எழுதியிருக்க, லேட் சுருளியாண்டின்னு. வார்டன் லிஸ்ட்ட எங்கிட்ட குடுத்தாக. லேட்டா வர்ற மனுசன் வந்து நிக்கையில கேட்டு பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அம்மாவாசிக்குத் தெரிந்த லேட் அதுதான். சினிமாவுக்குப் போய்விட்டு வந்து கெஞ்சும் பையன்களிடம் இருபது வருஷமாகப் படித்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். இனியனுக்குக் காது மடல் இரண்டும் சுட்டன.

சுருளியாண்டி காமயகவுண்டன்பட்டியில் நல்ல திடகாத்திரமாக, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். அடுத்தவர் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிற வேலை. மயில்துத்தம் ஏறி நகக்கண் பத்தும் நீலம். பாரத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டம் வந்தபோது, பக்கத்தில் அறைத்தோழன் ஜாஸ்பர் 'இன்ஜினியர்' என்று எழுதிக்கொண்டிருந்தான். அப்பா பெயருக்கு முன்னால் லேட் போட்டால் தொழிலுக்கு ஒரு கோடு இழுத்தால் போதும். இழுத்துவிட்டான். தகப்பனில்லாத பையன் என்று ஜாஸ்பர் அன்றைக்குத் தன் வீட்டு அதிரசத்தில் பாதியைக் கொடுத்தான். இனியன் அதையும் தின்றான். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் விரலில் இருப்பது மாதிரியே இருந்தது.

"அவரு வர மாட்டாரு. பூட்டிருங்க," என்றான், தரையைப் பார்த்து.

"வந்துட்டாகளே. இப்பத்தான் மேல போனாக. நீ பாக்கல?"

விடுதிக்கு இருப்பது ஒரே மாடிப்படி. அதில்தான் அவன் இறங்கி வந்தான்.

திரும்பி ஏறினான். மழை இன்னும் விழவில்லை. ஆனால் படியெல்லாம் ஈரமண் வாசனை, அப்போதுதான் தோண்டிப்போட்ட மண்ணுடையது. மேலே யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலுக்கு அடுத்த கால் என்று கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு தடவை. தொப். பிறகு ஒரு இடைவெளி. தொப்.

சட்டைப்பையில் போன் அடித்தது. அய்யா.

"சாப்பிட்டியாடா?" ஊரிலிருந்து, அவரே. பின்னால் தாளிக்கிற சத்தம். "அங்கன மழையா?"

இனியனுக்கு அழுகை முட்டியது. உயிரோடு இருக்கிறவர். சாப்பிட்டாயா என்று கேட்கிறவர். நாளைக் காலையில் பாரத்தைத் திருத்திவிட வேண்டும், ஜாஸ்பரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடியே, போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக் கதவைத் தள்ளினான்.

ஜாஸ்பர் சுவரோடு ஒட்டி நின்றான்.

இனியனின் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அய்யாவின் தோள். அய்யாவின் காது. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி. கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது.

"இனியா," என்றான் ஜாஸ்பர். "யாருடா இவரு?"

போனில் அய்யா, "யாருடா அது பக்கத்துல?" என்றார்.

கட்டிலில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. எட்டு வயதில் பள்ளிக்கூட வாசலில் இவன் அவர் கையை உதறிவிட்டு ஓடியபோது அய்யா பார்த்த அதே பார்வை. இன்னொரு தரம் இல்லையென்று சொல்ல இனியனுக்கு வாய் கூசியது.

"எங்கய்யா," என்றான்.

போனில் மூச்சு நின்றது. ஏதோ கனமாக விழுந்தது. தட்டு உருண்டது. பிறகு அம்மா சுப்புத்தாயின் அலறல், இடைவிடாமல்.

கட்டிலில் இருந்தவர் தாடைக் கட்டைத் தானே அவிழ்த்தார். தாடையை ஒரு தரம் அசைத்துப் பார்த்துக்கொண்டார். கையை நீட்டிப் போனை வாங்கினார். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"அழுகாத சுப்பு," என்றார். "நான் நம்ம பயகூடத்தான் இருக்கேன்."

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, மகன் உட்கார இடம் விட்டார்.