அடக்கிய கொட்டாவி

சிந்துஜா டீச்சரின் முகம் எப்படி இருக்கும் என்று ஐந்தாம் வகுப்பில் யாருக்கும் தெரியாது. பள்ளி வாசலிலேயே பிள்ளைகள் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகும்வரை கழற்ற மாட்டார்கள். அந்தக் கண்ணாடிக்குள் பலகைக்கு முன்னால் நிற்பது ஒருவனுக்குக் கிரிக்கெட் வீரர், இன்னொருத்திக்குப் பேசும் முயல், கடைசி பெஞ்சுப் பையனுக்குத் துபாயில் வேலை பார்க்கும் அவன் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் அதே பையன் தக்காளிக் கூடைக்கு எட்டாமல், "கொஞ்சம் நகருங்கக்கா" என்றான். சிந்துஜா நகர்ந்துகொண்டாள்.

அதில் ஒரு வசதியும் இருந்தது. தலை சரியாக வாராமல் வந்தாலும் கேட்பாரில்லை.

கண்ணாடிக்குள் இருந்ததற்கு முகமாற்றி என்று பெயர். பிள்ளையின் கருவிழி எங்கே போகிறது, எப்போது நழுவுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். முகங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கும். எந்த முகத்தைவிட்டுக் கண் விலகவில்லையோ அதை வைத்துக்கொள்ளும். குரலையும் அதற்கேற்ப மாற்றிவிடும். அசைவு மட்டும் ஆசிரியருடையது. அவள் சிரித்தால் முயல் சிரிக்கும். அவள் இருமினால் கிரிக்கெட் வீரர் இருமுவார். அதனால் முகத்தை நாள் முழுக்க அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலத்தில் சிந்துஜாவுக்குத் தாடை வலிக்கும். சாப்பிடக்கூடத் தோன்றாது.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு கவன விளக்கு. கண் நிலைத்திருந்தால் பச்சை, அலைந்தால் மஞ்சள், விலகினால் சிவப்பு. எல்லாம் சேர்ந்து வகுப்பு வாசலில் ஒரு பெரிய விளக்காக எரியும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்பதை அந்தப் பெரிய விளக்குதான் சொல்லும்.

தாரணியின் விளக்கு எப்போதும் பச்சை. மஞ்சளுக்கு மாறி யாரும் பார்த்ததில்லை. திருப்பூரிலேயே இப்படி ஒரு விளக்கு கிடையாது என்று தலைமையாசிரியர் கிருபாகரன் பார்வையிட வருகிறவர்களை எல்லாம் அந்த மேசைக்கு அழைத்து வருவார். ஒல்லியான பெண். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். இமைப்பதுகூட அளந்துதான்.

ஆனால் தேர்வுத் தாளில் கேள்வி எண்களைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நேத்து என்ன பாடம் நடத்துனேன், தாரணி?"

"தெரியலீங்க மிஸ்."

"கவனிக்கலையா?"

"கவனிச்சேனுங்க மிஸ்."

"எதை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்களைத்தானுங்க."

பொய் சொல்கிற மாதிரி இல்லை. விளக்கும் அதைத்தான் சொன்னது. எந்தப் பிள்ளைக்கு எந்த முகம் என்று ஆசிரியர் கேட்கக் கூடாது என்பது விதி. முயலும் சித்தப்பாவும் பிள்ளைகளே உளறியவை. தாரணி எதையும் உளறுகிறவள் இல்லை.

அன்று கடைசிப் பாடவேளை. தண்ணீர் ஆவியாவதைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றிய சுற்றில் சிந்துஜாவுக்குக் கொட்டாவி வந்தது. முயல் கொட்டாவி விட்டால் பாதி வகுப்பு சிவப்பாகிவிடும். வாயை இறுக்கி அடக்கினாள். அடக்கியதில் உதட்டின் இடது ஓரம் மெல்ல இழுத்துக்கொண்டது.

தாரணி எழுந்து வந்த வேகத்தை யாரும் பார்க்கவில்லை. மேசையை ஒரு காலால் தள்ளினாள். தண்ணீர் பாட்டிலை உதைத்தாள். சிந்துஜாவின் தோளைப் பிடித்துக் கீழே சாய்த்து, தலைக்கடியில் தன் பையைக் கொடுத்து, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். சிந்துஜாவுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது.

"கையில சாவி குடுங்கடா" என்று கத்தினான் கடைசி பெஞ்சுப் பையன்.

"சாவியெல்லாம் வேண்டாம். தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்." தாரணியின் குரலில் பதற்றமே இல்லை. "ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமில்ல. இப்ப சரியாப் போயிரும்."

"தாரணி, எனக்கு ஒண்ணும் இல்லடா" என்றாள் சிந்துஜா.

அந்தப் பெண் நின்றாள். இந்த மாதிரி நேரத்தில் அம்மா பேசியதே இல்லை. கண்ணாடியைக் கழற்றினாள். பையில் தலைவைத்துக் கிடந்தவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

வகுப்பு சிரித்தது. தாரணி சிரிக்கவில்லை.

மற்றவர்களை அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவளே சொன்னாள். "அம்மாளுக்கு வலிப்பு வருங்க மிஸ். வர்றதுக்கு முந்தி இந்தப் பக்கம் உதடு இழுக்கும். அதப் பாத்துட்டா உடனே படுக்க வெச்சரலாம். பாக்கலீன்னா விழுந்து அடிபட்டுருவாங்க. ஒருக்கா அடுப்பு மேலயே விழுந்துட்டாங்க."

"அதனால பாத்துட்டே இருப்பியா?"

"இருக்கோணுமில்லீங்க."

"இங்கயுமா?"

"இங்க நிக்கறது நெசமான அம்மா இல்லீன்னு தெரியுமுங்க மிஸ். ஆனா பாக்காம இருக்க முடியலீங்க."

மறுநாள் காலை கிருபாகரன் கூப்பிட்டனுப்பினார். அவர் திரையில் வகுப்பின் கவனக்கோடு மலை மாதிரி ஏறி நின்றது.

"அந்த ரெண்டு நிமிஷம் மொத்த கிளாசும் பச்சை மிஸ். இந்த வருஷத்துலயே இதான் உச்சம். என்ன பண்ணுனீங்க?"

"கீழ விழுந்தேன் சார்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முழுவதையும் சொல்லி முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முகத்தை நாம மாத்த முடியாது மிஸ். அதுவாத்தான் எடுத்துக்கும்."

"கண்ணாடியைக் கழட்டிரலாம் சார்."

"கழட்டுனா அந்த மேசை சிவப்புன்னு கணக்காகும். அதுவும் அவ மேசை. உங்க கிளாஸ் நிக்கறதே அந்த விளக்குலதான். ஒப்பந்தம் புதுப்பிக்கற மாசம் வேற."

"டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்குனா?"

"கண் வலின்னா குடுப்பாங்க. அம்மாவப் பாத்துட்டே இருக்கான்னா எந்த டாக்டர் குடுப்பாரு?" அவருக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. "நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் தாரணியோடு அவள் வீட்டுக்குப் போனாள். நீளமான லைன் வீடுகளில் கடைசி. முன்னறையில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து கௌசல்யா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வலிப்பு இருப்பதால் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார விடுவதில்லை. இந்த வேலை மட்டும் வீட்டுக்கு வருகிறது.

"பாப்பா உங்களக் கீழ தள்ளிப்போட்டாளாமுங்க. மன்னிச்சுக்கோங்க மிஸ். காப்பி வெக்கட்டுங்களா?"

"வேண்டாங்க, உக்காருங்க. உங்க முகம் அதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப படம் புடிச்சாங்கல்லங்க. நல்லாப் படி சாமின்னு சொல்லச் சொன்னாங்க. சிரிச்சுட்டே சொன்னேன்." கௌசல்யா கத்தரியைக் கீழே வைத்தாள். "எம்மூஞ்சிதான் தெரியுதுன்னு நேத்து இவ சொல்றப்ப மொதல்ல பெருமையாத்தானுங்க இருந்துச்சு. சினிமாக்காரன் மூஞ்சியெல்லாம் விட்டுப்போட்டு நம்ம மூஞ்சி புடிச்சிருக்குதேன்னு."

தாரணி மூலையில் புத்தகத்தை விரித்திருந்தாள். கண் அம்மாவின் மேல் இருந்தது.

"புஸ்தகத்தப் பாரு சாமி."

குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை தானாக நிமிர்ந்தது.

"பாருங்க, இப்படித்தான்" என்றாள் கௌசல்யா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்கப்பனுக்கு எந்நேரமும் நைட் ஷிப்ட்டுங்க. ராத்திரியும் இவ கண்ணத் தொறந்துட்டே கெடப்பா. பள்ளிக்கூடம் போனாலாச்சும் கொஞ்ச நேரம் எம்மூஞ்சியப் பாக்காம இருப்பான்னு நெனச்சேன்."

சிந்துஜா மூலையில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் இவ வயசுலதானுங்க மொதமொதல்ல வந்துச்சு. இவளக் காட்டுனப்ப டாக்டர் ஒண்ணுதான் சொன்னாரு. இப்ப ஒண்ணுமில்ல, ஆனா தூக்கம் மட்டும் கெடக் கூடாதுன்னு."

அடுத்த நாள் முதல் பாடவேளையில் சிந்துஜா தாரணியின் மேசைக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். விளக்கு சிவப்பானது. தாரணி அந்தப் புது முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. களைத்துப்போன ஒரு பெண்ணின் முகம். கையை மடித்து மேசையில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். தூங்கிப்போனாள்.

யாரும் எழுப்பவில்லை. சிந்துஜா அந்த மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் குரலைத் தணித்துக்கொண்டாள். பாடம் நடத்தும்போதே கண் அங்கே போய்ப் போய் வந்தது. மூச்சு சீராக இருக்கிறதா, உதடு சும்மா இருக்கிறதா. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

சில நாட்கள் பள்ளி முழுக்கத் தூங்கினாள் தாரணி. அப்புறம் காலையில் மட்டும். அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தாள். எதிர் மாடியில் சாயம் போட்ட துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

"மிஸ், துணி காயறப்ப அதுல இருக்கற தண்ணி எங்கீங்க மிஸ் போகுது?"

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. முயலையும் கிரிக்கெட் வீரரையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் விளக்குகள் பச்சையாக இருந்தன. கேட்டவளின் விளக்கு சிவப்பு. சிந்துஜா சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய், தாரணியின் பக்கத்தில் நின்று, அந்தத் துணிகளைக் காட்டியே பாடத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். முகத்தை அசைக்க மறந்துவிட்டாள். மற்ற மேசைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின.

மாத முடிவில் வாசல் விளக்கும் மஞ்சள். கோவையில் ஒரு வாரம் மீள்பயிற்சிக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. பயிற்சியில் தேறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்.

"எனக்குப் பதிலா வர்ற மிஸ்கிட்ட தாரணியப் பத்திச் சொல்லுங்க சார்."

"சொல்லிப் பாக்கறேன்" என்றார் கிருபாகரன். "அவங்களும் ஒப்பந்தம்தான்."

தாரணியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. "புது மிஸ் கண்ணாடியப் போடச் சொன்னா, வேண்டாம்னு சொல்லு."

"சொல்றேனுங்க மிஸ்." கொஞ்சம் பொறுத்து, "கட்டாயம்னு சொன்னாப் போட்டுக்கறேன். ஒரு வாரந்தானுங்களே. பரவால்லீங்க" என்றாள். பெரியவர்கள் சொல்வது போலச் சொன்னாள்.

பயிற்சிக் கூடத்தில் ஆசிரியர்களுக்கும் சின்னச் சின்ன மேசைகள்தான். மேசைக்கு மேசை விளக்கு. ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்கள். முழங்கால் இடித்தது. சிந்துஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவிநாசி டீச்சர், "தூங்குனா சிவப்பு எரியுமாக்கும்? பொழப்பப் பாருங்க" என்று முணுமுணுத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

மேடைக்குப் பயிற்றுநர் வந்தார். சிந்துஜாவுக்கு முதலில் அவர் ஒரு நடிகராகத் தெரிந்தார். பிறகு அவளுடைய கல்லூரிப் பேராசிரியை. பிறகு தவறிப்போன அப்பா. அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். விளக்கு மஞ்சளிலேயே நின்றது.

முகம் மறுபடி மாறியது. தாரணி.

வகுப்பறைக் கூரையில் இருந்த பார்வைப் பதிவி பிள்ளைகளின் கண்களை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாட்களாகச் சிந்துஜாவின் கண் எந்த மேசைக்குப் போய்ப் போய் வந்தது என்று அதற்குத் தெரியும்.

தாரணி, தாரணியின் குரலில், மாணவர் ஈடுபாட்டை உயர்த்தும் வழிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியே இருந்தது. அது பழைய பதிவிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது அங்கே எப்படி இருக்கிறாளோ. கண்ணாடியைப் போட்டுவிட்டிருப்பார்களா? நேற்று தூங்கினாளா? புது மிஸ்ஸுக்குக் கொட்டாவி வருமா? சிந்துஜாவின் விளக்கு பச்சையானது. அதன் பிறகு மாறவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பயிற்றுநர் பேசினார். கூடத்தில் குளிர்சாதனம் மெல்ல இரைந்தது. மேடையில் தாரணி ஒரு வார்த்தையின் நடுவே நிறுத்தினாள். அவள் உதட்டின் இடது ஓரம் மெல்ல இழுத்துக்கொண்டது.

மேசை சாய்ந்த சத்தம் கேட்டபோது சிந்துஜா பாதித் தூரம் ஓடியிருந்தாள். தலைக்கு வைப்பதற்குப் பையும் கையில் இருந்தது. மேடைப் படியில் கால் தடுக்கி நின்றாள். கண்ணாடி நழுவியது.

வழுக்கைத் தலையும் களைத்த கண்களுமாக ஒரு மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடம் முழுக்கப் பச்சை.

"பாருங்க" என்றார் பயிற்றுநர், சுதாரித்துக்கொண்டு. உண்மையிலேயே மகிழ்ந்திருந்தார். "இதுதாங்க ஈடுபாடு. இருக்கையில இருக்க முடியலை பாருங்க. உங்க பிள்ளைங்க இப்படித்தான் ஆகணும். மேடம், இப்ப நான் என்ன சொல்லிட்டிருந்தேன், நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க."

சிந்துஜா யோசித்துப் பார்த்தாள். காலையிலிருந்து அவர் சொன்னதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

"தெரியலீங்க சார்."

"ஆனா கவனிச்சீங்களே?"

"கவனிச்சேன் சார்."

அவர் தன் திரையைப் பார்த்தார். விளக்கு பச்சை என்றுதான் பதிவாகியிருந்தது. "அப்ப சரி" என்றார். "நீங்க தேறிட்டீங்க. இன்னிக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காருங்க."

சிந்துஜா மேசையை நிமிர்த்தினாள். உட்கார்ந்தாள். கழற்றியே வைத்திருக்கலாம், தேறியாகிவிட்டது, இனி யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கண்ணாடி மடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தாள்.

பிறகு எடுத்து மாட்டிக்கொண்டாள். உதடு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.