மணி கழற்றிய மேசை

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜெசிந்தா எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். "கழட்டுங்க, கழட்டுங்க. மணிய வெச்சுக்கிட்டு யாரும் பகடையத் தொடக்கூடாது."

எல்லோரும் காதுக்குப் பின்னால் கைவிட்டு, புளியங்கொட்டை அளவில் ஒட்டியிருந்த இயல்மணியைப் பிய்த்துப் போட்டார்கள். டிபன் பாக்ஸ் கிணுகிணுத்தது. மணி இல்லாமல் பீளமேட்டுத் தெருவில் இறங்கினால் பார்க்கிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். இந்த வீட்டில் மட்டும் கழற்றுவதுதான் வழக்கம். மணி ஒட்டியிருந்தால் பகடையில் சுவாரசியம் செத்துவிடும் என்பது ஆட்டத்தை நடத்தும் ஜெசிந்தாவின் கட்சி.

மதுரவல்லிக்கு இன்று நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நிலா நிலையத்தில் ஆறு வருட வேலை கிடைத்திருந்தது. கணவன் திருமாறனும் கூட வந்தால்தான் வேலை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் காபி ஆற்றிக்கொண்டே திருமாறனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் "சரி, போலாம்" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டான். மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. அந்த வேகம்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இருபத்தொரு வயதில் எல்லோரும் ஒரு குணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எதைத் தொடுகிறோமோ, மனம் தடுமாறும்போதெல்லாம் மணி அந்தப் பக்கமாக நம்மை மெல்லத் தள்ளிவிடும். மதுரவல்லி வரிசையில் நின்ற அன்றே துணிவைத் தொட்டாள். திருமாறனோ எதைத் தொடுவது என்று யோசித்து யோசித்தே கெடுவைத் தவறவிட்டான். அப்படிப்பட்டவர்களுக்குத் தானாக விழுவது இயல்தேர்வு, அதாவது டீஃபால்ட். அதன் பெயர் இசைவு. கேட்டது யாராக இருந்தாலும், கொஞ்சம் தயங்கினால் போதும், வாய் 'சரி' என்று சொல்லிவிடும். மாப்பிள்ளை இசைவுக்காரர் என்றால் பெண் வீட்டில் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். மதுரவல்லி வீட்டிலும் மாற்றினார்கள்.

ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போய்ப் பகடை உருட்டும் இந்த மேசை ஆட்டத்திலும் அப்படி ஒரு விதி இருந்தது. வாய் திறக்காதவரின் பாத்திரம் மற்றவர்களோடு சேர்ந்து போய்விடும். திருமாறனின் வில்லாளி இத்தனை நாளும் குகை, கோட்டை, பாலைவனம் என்று எல்லா இடத்துக்கும் அப்படித்தான் போய்வந்தான். மதுரவல்லியின் வாள்வீராங்கனை வேறு ரகம். எதிரி கண்ணில் பட்டதும் முதல் வேலையாக ஒளிய மரம் தேடுவாள். "வெளிய புலி, இங்க வந்தா பூனை" என்று பக்கத்து வீட்டு ரசாக் பாய் ஓட்டுவார். அதெல்லாம் நடிப்பு பாய் என்று அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள்.

இன்று கதை ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. படகு தயார். ஏறினால் திரும்பி வர வழியில்லை. அந்த இடத்தில் ஜெசிந்தா ஆட்டத்தை நிறுத்தி, இன்றைக்கு மட்டும் ஒரு மாற்று விதி என்றாள். பேசாதவன் யாரோடும் போகமாட்டான், நின்ற இடத்திலேயே நிற்பான். இது மதுரவல்லி காலையிலேயே போனில் கெஞ்சி வாங்கிய வரம். திருமாறனுக்குத் தெரியாது.

ரசாக் பாயின் மந்திரவாதி ஏறிவிட்டான். மதுரவல்லி தன் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வாள்வீராங்கனை கேட்கிறாள், வில்லாளி வருவானா என்றாள்.

லிஃப்ட் பழுது பார்த்துக் காய்த்துப்போன திருமாறனின் விரல்களில் பகடை உருண்டுகொண்டே இருந்தது. மணியும் இல்லை, பழைய விதியும் இல்லை. தள்ளிவிட ஒன்றுமே இல்லை.

"மாப்ள, ஏறுங்க. படகு துருப்பிடிச்சுரும்," என்றார் ரசாக் பாய்.

"நான் வரல."

பகடை மேசையில் உட்கார்ந்தது. ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "ஏந்தம்பி, படகுக்கா, நிலாவுக்கா?"

"ரெண்டுக்குந்தானுங்கக்கா." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் அதிர்ந்துபோனான். பிறகு தலையைக் குனிந்தபடி, ஏதோ சாமான் கேட்பதுபோல மெதுவாகச் சொன்னான். "காலைல மொட்டைமாடி லிஃப்ட் ரூம் மேல உக்காந்து டீ குடிப்பேன். மேக்கால இருந்து காத்து வரும். எனக்கு அது வேணும்."

டீ போடும் சாக்கில் ஜெசிந்தா எழுந்தாள். ரசாக் பாயையும் கண்ணால் கிளப்பிக்கொண்டு போனாள்.

நிலா கைவிட்டுப் போயிற்று. மதுரவல்லிக்கு வருத்தம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்து அடைத்துக்கொண்டது. வேலைக்குச் சொன்ன சரி அவனுடையது இல்லை. அப்படியானால் அன்றைக்கு, பெண் பார்க்க வந்த வீட்டில், சொஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சரி?

அவள் கேட்குமுன் அவனே சொன்னான். "நீ எதை நினைக்கறேன்னு தெரியுது வல்லி. அன்னிக்குச் சொன்னது நானா, மணியான்னு எனக்கே தெரியல." நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "இப்ப மணி இல்ல. இப்பக் கேளு."

மதுரவல்லி வாயைத் திறந்தாள். "டீ ஆச்சான்னு பாக்கறேன்" என்று பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். ஆயிரம் பேர் கூடிய அரங்கில் அதிகாரிகளை மடக்கிக் கேள்வி கேட்டவள் அவள். அந்தப் புலி டிபன் பாக்ஸுக்குள் கிடந்தது. இத்தனை நாள் இந்த மேசையில் மரம் தேடி ஓடியது நடிப்பில்லை என்று இப்போதுதான் உறைத்தது.

கை டிபன் பாக்ஸை நோக்கிப் போயிற்று. மணியை ஒட்டிக்கொண்டால் போதும், நறுக்கென்று கேட்டுவிடலாம். திருமாறன் பார்த்துக்கொண்டிருந்தான், தடுக்கவில்லை. அவள் மூடியை எடுத்து, பாக்ஸை அழுத்தி மூடினாள்.

"பயமா இருக்கு மாமா," என்றாள்.

அவன் சரி என்று சொல்லவில்லை. அவள் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தான்.